சட்பரி ஏரி வண்டல்: ஒன்றில் மீத்தேன் ஏறுகிறது, மற்றதில் இல்லை. உதவி தேவை

கரையோரன்
அவசரம். கனடாவின் சட்பரி பகுதியில் இரண்டு ஏரிகளின் அடிவண்டலைக் குடுவைகளில் அடைத்து வைத்திருக்கிறேன். முதல் ஏரியில் மீத்தேன் வாரந்தோறும் ஏறுகிறது. இரண்டாவதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. கரிமப்பொருள் இரண்டிலும் ஏறக்குறைய சம அளவுதான். என்ன காரணம்?

வண்டல்வாசி
வெப்பநிலை எவ்வளவு? குடுவையின் மேல்வெளியில் என்ன வாயு? மூடி பியூட்டைல் ரப்பரா, சிலிக்கோனா? சல்பேட் அளந்தீர்களா?

பனிக்குமிழி
மூடிதான் காரணம். சிலிக்கோன் ஆக்சிஜனை உள்ளே விடும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவுக்கு (பாக்டீரியாவைப் போன்ற, ஆனால் வேறான ஒருசெல் நுண்ணுயிர்) ஆக்சிஜன் நஞ்சு.

வண்டல்வாசி
அப்படியானால் முதல் ஏரிக் குடுவைகளிலும் அல்லவா மீத்தேன் நின்றிருக்க வேண்டும்?

நாணற்காடு
கரிமப்பொருள் சமம் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அது எங்கிருந்து வந்தது என்பதே கேள்வி. 2018இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சம்பங்கோரை, ஊசியிலை மரம், இலையுதிர் மரம் ஆகியவற்றின் சருகுகளைத் தனித்தனியே ஏரி வண்டலில் கலந்து பார்த்தார்கள். ஊசியிலைச் சருகைவிடச் சம்பங்கோரை 400 மடங்குக்கும் அதிகமான மீத்தேன் தந்தது. காட்டு இலைகளின் பாலிஃபீனால்கள் என்னும் தாவர வேதிப்பொருள்கள் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன. உங்கள் இரண்டாம் ஏரியைச் சுற்றிக் காடு இருக்கிறதா?

ஆழ்நீர்
தம்பி, சோதனை முறையை எழுதாமல் காரணம் கேட்பது, நாடி பிடிக்க விடாமல் மருந்து கேட்பது போன்றது. இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதலில் குறிப்பேடு எழுதப் பழக வேண்டும். பலமுறை சொல்லியாயிற்று.

கரையோரன்
மன்னிக்கவும் ஐயா. 20 டிகிரி செல்சியஸ், நைட்ரஜன், பியூட்டைல் மூடி. குச்சி, கல் நீக்குவதற்காக வண்டலைத் திறந்த மேசையில் சலித்துக் கலந்தேன். இரண்டு ஏரியைச் சுற்றியும் காடுதான். சல்பேட் அளக்கவில்லை. இரண்டாம் ஏரி வண்டல் நல்ல கறுப்பு, முதலாவது பழுப்பு.

வண்டல்வாசி
கறுப்பு! அங்கேதான் விடை இருக்கிறது. சட்பரியின் நிக்கல், செம்பு உருக்காலைகள் பல பத்தாண்டுகள் கந்தக டையாக்சைடைக் கக்கின. 1972இல் எழுந்த 381 மீட்டர் புகைபோக்கி அதை நெடுந்தொலைவுக்குப் பரப்பியது. ஏரியில் விழுந்த சல்பேட்டின் ஒரு பங்கு வண்டலில் ஒடுக்கமடைந்து இரும்பு சல்பைடாகத் தங்கும். அதுவே அந்தக் கறுப்பு. காற்றில் சலித்தபோது சல்பைடு ஆக்சிஜனேற்றமடைந்து மறுபடி சல்பேட்டாகவும் மூவிணைதிற இரும்பாகவும் (துருவில் இருக்கும் வகை) மாறியிருக்கும். ஆக்சிஜனுக்குப் பதிலாக இந்த இரண்டையும் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள், மீத்தேன் ஆர்க்கியாவின் உணவான ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் முந்திக்கொண்டு தின்றுவிடும். மீத்தேன் ஆர்க்கியா செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சில குடுவைகளில் மாலிப்டேட் உப்பைச் சேருங்கள். அது சல்பேட் ஒடுக்கத்தைத் தடுக்கும். அதன்பின் மீத்தேன் வந்தால் ஐயம் தீர்ந்தது.

பனிக்குமிழி
வேதியியலுக்கு இவ்வளவு முக்கியத்துவம் தேவையா? வட ஏரிகளில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வெப்பம்தான். சைபீரியாவில் நிலத்தடி உறைபனி உருகி உண்டான ஏரிகளைப் பாருங்கள்.

நாணற்காடு
பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். 2006இல் வெளியான சைபீரிய ஆய்வில், குமிழிகளாக எழுந்த மீத்தேனின் கரிமம் 35,000 ஆண்டுகளுக்கும் மேல் பழையது. பனியுக மண்ணில் மட்காமல் உறைந்து கிடந்த உணவு அது. உருகல் கதவைத் திறந்தது உண்மை. ஆனால் உள்ளே உணவு இல்லாவிட்டால் குமிழி ஏது?

பனிக்குமிழி
கதவு திறக்காவிட்டால் உணவு இருந்தும் பயனில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

ஆழ்நீர்
இருவரும் இழையை விட்டு வெகுதூரம் போய்விட்டீர்கள். கேட்டவருடைய குடுவைகள் இரண்டும் ஒரே 20 டிகிரியில்தான் இருக்கின்றன. வேறுபாட்டுக்கு வெப்பம் எப்படிக் காரணமாகும்? ஆனால் அந்த வெப்பநிலையையும் நான் ஏற்கமாட்டேன். கோடையிலும் ஆழமான ஏரியின் அடியில் 4 முதல் 6 டிகிரிதான். அங்கே நடப்பதை அறிய வேண்டுமென்றால் அதே குளிரிலும் ஒரு வரிசை வையுங்கள்.

கரையோரன்
சல்பேட் அளந்தேன், இரண்டாம் ஏரிக் குடுவைகளில் பன்மடங்கு அதிகம். மாலிப்டேட் இட்டவற்றில் மீத்தேன் வரத் தொடங்கிவிட்டது. நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்துச் சலித்துப் புதிய வரிசை தொடங்குகிறேன். அனைவருக்கும் நன்றி.

வண்டல்வாசி
மகிழ்ச்சி. அந்த வண்டலில் செம்பும் நிக்கலும் எவ்வளவு? சல்பைடோடு பிணைந்திருந்த உலோகமும் காற்றில் கரைந்து வெளியே வந்திருக்கலாம், அதுவும் நுண்ணுயிர்களைத் தாக்கும்.

நாணற்காடு
அப்படியே பாலிஃபீனாலையும் அளந்துவிடுங்கள்.