இட்லிக்கார அண்ணாச்சியின் நாய்க்கு நம்ம அறக்கட்டளைப் பணம் போகலாமா?

சயான்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவியில இருந்து சைக்கிள்ல இட்லி கொண்டாந்து விக்கிற ஒரு அண்ணாச்சியைப் பத்தி எழுதறேன். காலையில ரப்பர் ஹாரனை அமுக்கிக்கிட்டே மாட்டுங்கா, சயான் தெருவெல்லாம் வர்றவங்கள்ல ஒருத்தர். அவர் வீட்டுல ராணின்னு ஒரு பொட்டை நாய். தெருவில பிறந்தது, குட்டியிலேயே தூக்கிட்டு வந்து வளர்த்தது, ஏழெட்டு வயசு ஆகுது. இப்போ சோறு தொடறதில்ல, தண்ணியை மட்டும் குடிச்சுக்கிட்டே இருக்கு, வாந்தி, வயிறு உப்பிப் போச்சு. தனியார் கிளினிக் ஒண்ணுல ஸ்கேன் பண்ணிட்டு, கர்ப்பப்பை முழுக்க சீழ், உடனே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. எல்லாம் சேர்த்து 45,000 ஆகுமாம். முன்பணமே 20,000.

நம்ம அறக்கட்டளையில பிள்ளைங்க ஃபீஸ் கட்டினது போக மிச்சம் இருக்கு. இந்த மாதிரி வைத்தியத்துக்குன்னு வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்கலாமா? முதல்ல இதை எடுத்துக்கலாமா?

முலுண்ட்_முருகு

என் ஓட்டு வேண்டாம்னுதான்.

மிச்சம்னு எதைச் சொல்றீங்க? ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும்போது எத்தனை மனுவைத் திருப்பி அனுப்பினோம்னு கமிட்டியில இருந்த உங்களுக்கே தெரியும். நாய் வளர்க்கிறது அவரவர் ஆசை. ஆசைப்பட்டவன் செலவையும் பார்த்துக்கணும், ஊர்ப்பணத்துல கை வைக்கக் கூடாது. இன்னொண்ணு, காலாகாலத்துல கருத்தடை பண்ணியிருந்தா அந்த நாய்க்குக் கர்ப்பப்பையே இருந்திருக்காது. அப்புறம் சீழ் எங்கிருந்து வரும்?

தாராவி_90அடி

முருகு அண்ணாச்சி, பாந்த்ராவுல ஒருத்தன் ஹஸ்கியை ஏசி ரூம்ல வச்சு வளர்த்தா பாசம்பீங்க. எங்க சந்துல ஒருத்தன் தெரு நாயை வளர்த்தா அது ஆசையாக்கும்?

கருத்தடைன்னு சொல்லுதீங்கள்ல, அதையே எடுத்துக்கிடுவோம். தெரு நாய்க்குக் கருத்தடை பண்ணுறது மாநகராட்சி பொறுப்பு, காசு கிடையாது. நாய்க் கருத்தடைக்குன்னு 2023ல வந்த ஏபிசி விதியிலயே வளர்ப்பு நாய்னா தடுப்பூசி, கருத்தடை எல்லாம் வளர்க்கிறவன் பொறுப்புன்னு எழுதியிருக்கு. ராணியை அவர் தெருவிலேயே விட்டிருந்தா வண்டியில வந்து பிடிச்சுட்டுப் போயி, ஓசியில ஆபரேஷன் பண்ணி, அடையாளத்துக்குக் காதுல வெட்டு போட்டுக் கொண்டாந்து விட்டிருப்பாங்க. வீட்டுக்குள்ள சேத்தாரு பாருங்க, அதான் அவரு செஞ்ச குத்தம்.

மாட்டுங்கா_மாமி

எனக்கு நாய்னாலே பயம், அதனால தயவு தாட்சண்யம் இல்லாம கேக்கறேன். பைல் கோடாவுக்கு ஏன் போகலை? தனியார்க்காரன் 45,000 கேட்டா நாமளும் அதுதான் விலைன்னு உக்காந்துண்டு சண்டை போடணுமா?

பரேல்_மாணவன்

மாமி கேட்டதுதான் முதல் கேள்வியா இருந்திருக்கணும். தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். பைல் கோடான்னு நம்ம ஊர்ல சொல்றது பரேல்ல இருக்கிற பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி. மாட்டு வண்டி, குதிரை வண்டி ஓடின காலத்துல, 1880கள்ல தின்ஷா பெட்டிட் தன் மனைவி பேர்ல கொடுத்த கொடை. பக்கத்துலயே நாங்க படிக்கிற கால்நடைக் கல்லூரி, அது 1886ல தொடங்கினது. அங்க கட்டணம் குறைவு, கூட்டம் ஜாஸ்தி. பொறுமை வேணும்.

நோயைப் பத்தியும் சொல்லிடறேன். இதுக்குப் பேர் பயோமெட்ரா. கருத்தடை ஆகாத பொட்டை நாய்க்கு, பெரும்பாலும் நடுவயசுக்கு மேல, ஹீட் (இணை சேர்ற பருவம்) முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள வரும். சீழ் வெளிய வடிஞ்சா ஓரளவு நல்லது, வீட்டுக்காரங்க கண்ணுல படும். கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டு உள்ளயே தேங்கினாதான் ஆபத்து. ராணிக்கு வயிறு உப்பியிருக்குன்னா அநேகமா ரெண்டாவது வகை. ஆன்டிபயாடிக் மட்டும் போட்டுப் பார்க்கலாம்னு தள்ளிப்போட்டா ரத்தத்துல விஷம் ஏறும், கிட்னி போகும். இங்க விவாதம் முடியற வரைக்கும் அது காத்திருக்காது.

ஹாரோ_ஹரி

செம்பூர்ல பிறந்து இப்போ லண்டன்ல இருக்கேன். இங்க பிடிஎஸ்ஏன்னு ஒரு அமைப்பு இருக்கு. 1917ல, முதல் உலகப்போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, மரியா டிக்கின்னு ஒரு அம்மா வைட்சேப்பல்ல ஒரு நிலவறையில ஏழைங்க வீட்டு விலங்குக்கு இலவச வைத்தியம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் அரசு உதவித்தொகை வாங்கற குடும்பங்களுக்கு இலவசமாவோ குறைஞ்ச கட்டணத்துலயோ பார்க்கறாங்க. பெரும்பாலும் நன்கொடையும் உயில்ல எழுதி வச்சுட்டுப் போற பணமும்தான். அமெரிக்காவுல ரெட்ரோவர் மாதிரி அமைப்புங்க கேஸுக்கு சுமார் 250 டாலர்னு சின்னத் தொகையா கொடுப்பாங்க. முழு பில்லையும் யாரும் ஏத்துக்கறதில்ல. நாமும் அப்படிச் செய்யலாமே?

முலுண்ட்_முருகு

ஹரி தம்பி, அங்க மனுஷனுக்கு வைத்தியம் இலவசம். அதுக்கு மேல நாய்க்கும் கொடுக்க முடியுது. இங்க அந்த பைல் கோடாவுல இருந்து கொஞ்ச தூரம் நடந்தா டாடா மெமோரியல். வெளியூர்ல இருந்து கேன்சருக்கு வந்தவங்க குடும்பத்தோட ஃபுட்பாத்துல படுத்திருப்பாங்க. தலையில முடி கொட்டின குழந்தை தார்பாய்க்கு அடியில தூங்கும். அதைத் தாண்டிப் போயி நாய் ஆஸ்பத்திரியில பில் கட்டணுமா? எனக்கு மனசு வரலை.

சயான்_செல்வி

அந்தக் குழந்தையைச் சொன்னா யாருக்கும் வாயடைச்சுப் போகும் சார். ஆனா அந்தக் குழந்தைக்கு நாம இதுவரைக்கும் என்ன கொடுத்திருக்கோம்? ஒண்ணும் இல்ல. நாய்ப் பேச்சு எடுத்தா மட்டும் அது ஞாபகத்துக்கு வருது.

மனுஷனுக்கு ஜன் ஆரோக்ய யோஜனான்னு அரசு மருத்துவக் காப்பீடு இருக்கு. தர்ம ஆஸ்பத்திரிங்க நூத்துக்குப் பத்து படுக்கையை ஏழைங்களுக்கு இலவசமாவும் இன்னொரு பத்தைப் பாதிக் கட்டணத்துலயும் ஒதுக்கணும்னு மும்பை உயர்நீதிமன்றம் ஒத்துக்கிட்ட திட்டம் இருக்கு. ஒழுங்கா நடக்குதான்னு கேட்டா நடக்கலைதான். ஆனா கேட்டுச் சண்டை போட ஒரு இடமாவது இருக்கு. ராணிக்காக அண்ணாச்சி யார்கிட்ட சண்டை போடுவார்?

கணக்கு_கணேசன்

பாசம் பத்திப் பேச நிறையப் பேர் இருக்கீங்க, நான் என் வேலையைப் பார்க்கறேன். நம்ம ட்ரஸ்ட் டீட்ல, அதாவது அறக்கட்டளைப் பத்திரத்துல, நோக்கம்னு எழுதியிருக்கறது கல்வியும் ஏழைகள் நிவாரணமும்தான். விலங்குன்னு ஒரு வார்த்தை கிடையாது. அரசியலமைப்பு 51ஏ(ஜி)யில உயிர்கள் மேல கருணை காட்டறது குடிமக்கள் கடமைன்னு இருக்கு, சந்தோஷம். ஆனா ஆடிட்டர் அதை வவுச்சரா ஏத்துக்க மாட்டார். கல்விக்குன்னு ரசீது போட்டு வாங்கின பணத்துல ஒரு பைசா எடுக்க முடியாது. தனியா வசூல் பண்ணி தனிக் கணக்கு வச்சா பார்க்கலாம், அதுக்கும் டீடைத் திருத்தணும்.

கெட்டோ, மிலாப் மாதிரி ஆன்லைன்ல நன்கொடை திரட்டற தளத்துல போடலாமேன்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன். தனி மனுஷர் பேர்ல திரட்டற பணத்துக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. போட்டோ நல்லா இருந்தா பணம் வரும், இல்லைன்னா வராது. எதுவா இருந்தாலும் பணம் ஆஸ்பத்திரி பேர்ல நேரா போகணும், கையில கொடுக்கறதுங்கற பேச்சே வேண்டாம்.

மாட்டுங்கா_மாமி

இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு இருக்காமே நாய்க்கு?

பரேல்_மாணவன்

இருக்கு மாமி. ஆனா வயசான நாயைப் பெரும்பாலும் புதுசா சேர்த்துக்க மாட்டாங்க, ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் கிடைக்காது. ராணிக்கு ரெண்டுமே இடிக்கும்.

தாராவி_90அடி

நேத்து சாயங்காலம் பரேலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டோம். நாய்னதும் முதல் டாக்சிக்காரன் நிக்கவே இல்ல. அடுத்தவர் உ.பி.காரர், சீட்டுல ஏதாச்சும் விரிச்சா ஏத்துறேன்னாரு. அண்ணாச்சி இட்லி மூடி வைக்கிற துணியிலதான் ராணியைச் சுத்தித் தூக்கிட்டு வந்திருந்தாரு, அதையே விரிச்சாரு. அங்க முன்னங்கால்ல முடியைச் சிரைச்சு டிரிப் போட்டாங்க. அது ஒரு தடவை கூட உறுமலை, அவரு முட்டியில தாடையை வச்சுக்கிட்டுக் கிடந்துச்சு. ராத்திரியே ஆபரேஷன் ஆச்சு. எடுத்த பையைத் தட்டுல வச்சுக் காட்டினாங்க, என் முழங்கை நீளத்துக்கு ரெண்டு பக்கமும் வீங்கிப்போயி. இப்போ முழிச்சிருக்கு. இனிமே வெளிய வாங்குற மருந்து, டிரஸ்ஸிங், அப்புறம் அந்தத் தனியார் கிளினிக்குல ஸ்கேனுக்கு வாங்குன கடன் இருக்கு.

மாட்டுங்கா_மாமி

பொழைச்சுண்டதே, ரொம்ப சந்தோஷம். அந்தத் துணி திரும்ப இட்லித் தட்டுக்கு வராதோல்லியோ?

தாராவி_90அடி

வராது மாமி, அங்கயே குப்பையில போட்டாச்சு.

முலுண்ட்_முருகு

ஆக 45,000 இல்லாமலே நடந்தது. நாம அவசரப்பட்டு 20,000 அனுப்பியிருந்தா அது யாருக்கு லாபமாப் போயிருக்கும்? நிதின்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாலே கிளினிக்காரன் எஸ்டிமேட்டைக் கூட்டுவான். மனுஷ வைத்தியத்துல இன்ஷூரன்ஸ் இருக்கான்னு முதல்ல கேக்கறாங்களே, அதேதான்.

என் யோசனை இது. தனி வசூல் பண்றதுன்னா பண்ணுங்க, ஆனா மொத்தத்தையும் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் போடுங்க. ஒரு ராணிக்கு ஆகற செலவுல பல ராணிகளுக்கு இந்த நோயே வராம பண்ணலாம். அதுக்கு நானும் பணம் தரேன். சீழ் பிடிச்சதுக்கப்புறம் தர மாட்டேன்.

சயான்_செல்வி

கருத்தடை முகாம் நல்ல யோசனை, தனியா நடத்தலாம். ஆனா "வந்ததுக்கப்புறம் தர மாட்டேன்"னா, இன்னைக்கு வந்து நிக்கிறவருக்கு என்ன வழி சொல்றீங்க? பணம் இல்லாதவங்க ராத்திரியில நாயை ஆஸ்பத்திரி வாசல்ல கட்டிப் போட்டுட்டுப் போயிடறாங்க. பட்டினி கிடந்து சாகற மாதிரி விட்டுட்டுப் போறது 1960 மிருகவதைத் தடைச் சட்டப்படி குத்தம். அந்தக் குத்தம் பண்ணாம இவர் கடன் வாங்கியிருக்கார்.

பரேல்_மாணவன்

எல்லாரும் ராணியையே நினைச்சுப் பேசறீங்க. ராணி சுலபமான கேஸ். ஒரு ஆபரேஷன், நேரத்துக்குப் பண்ணினா பெரும்பாலும் பிழைக்கும், திரும்ப வராது. குட்டிக்கு வர்ற பார்வோ, உண்ணிக் காய்ச்சல் இதெல்லாமும் அப்படித்தான், சீக்கிரம் பிடிச்சா முடிவு தெரிஞ்ச செலவு. ஆனா நாளைக்கு உங்ககிட்ட வரப்போறது வேற. கிட்னி போன பதினாலு வயசு லாப்ரடார், நாளுக்கு ஒரு டிரிப், எத்தனை மாசம்னு தெரியாது. இடுப்பு விழுந்த பொமரேனியன். அப்போ கமிட்டி என்ன சொல்லும்? சில நாய்க்கு வலி இல்லாம ஊசி போட்டு உயிரைப் போக விடறதுதான் சரியான வைத்தியம். அந்த ஊசிக்கு உங்க நிதி பணம் தருமா? நன்கொடை கேக்கற நோட்டீஸ்ல இதை யாரும் எழுதறதில்ல. என் கணக்குல அதுதான் முதல் வரியா இருக்கணும்.

முலுண்ட்_முருகு

பாருங்க, பிழைக்கிற நாய்க்குப் பணம், பிழைக்காத நாய்க்கு ஊசி. பிள்ளைங்களுக்குத்தான் மெரிட் லிஸ்ட் போட்டுக்கிட்டு இருந்தோம், இனிமே நாய்க்கும் போடுவோம். லிஸ்ட்ல வராத நாயோட சொந்தக்காரர் நம்மளை என்ன சொல்வார்னு யோசிச்சீங்களா?

பரேல்_மாணவன்

சொல்வார் சார், திட்டுவார். பணம் இல்லாத எல்லா ஆஸ்பத்திரியிலயும் தினம் நடக்கறதுதான் இது, வெளிய சொல்றதில்ல. நீங்க சொல்ற கருத்தடை நிதியிலயும் எந்தச் சந்துக்கு முதல்லன்னு ஒரு லிஸ்ட் வரும்.

கணக்கு_கணேசன்

சரி, ஓட்டெடுப்புக்கு வைக்கிற மாதிரி எழுதிட்டேன். தனி வசூல், தனிக் கணக்கு. பாதி கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும், பாதி அவசரத்துக்கு. கேஸுக்கு உச்சவரம்பு உண்டு, முழு பில் கிடையாது. ஆஸ்பத்திரிக்கு நேரா, பழைய கடனுக்கு இல்லை. ஊசிக்கும் உண்டு. டீட் திருத்தம் பொதுக்குழுவுல வைக்கணும்.

தாராவி_90அடி

பழைய கடனுக்கு இல்லைன்னா அண்ணாச்சி ஸ்கேன் கடன்?

கணக்கு_கணேசன்

இல்லை. மருந்துச் சீட்டும் ஆஸ்பத்திரி பில்லும் இருந்தா அனுப்புங்க, ட்ரஸ்டுக்கு வெளிய நாங்க சில பேர் பகிர்ந்துக்கறோம்.

முலுண்ட்_முருகு

என் ஓட்டு இப்பவும் வேண்டாம்னுதான். பாதி பாதின்னு போட்டா அவசரம்ங்கற பாதி மத்த பாதியையும் சாப்பிட்டுடும். பொதுக்குழுவுல எழுந்து சொல்றேன்.

காட்கோபர்_புதுசு

மன்னிக்கணும், இந்த இழையைத் தேடி வந்தேன். எங்க கடுவன் பூனை நேத்து ராத்திரியில இருந்து மண் டப்பாவுல போய்ப் போய் உக்காருது, ஒண்ணுக்கு வரலை, கத்துது. கிளினிக்குல பெரிய தொகை சொல்றாங்க. நிதிக்கு எப்படி விண்ணப்பிக்கணும்?

பரேல்_மாணவன்

விண்ணப்பம் எல்லாம் அப்புறம். கடுவனுக்கு மூத்திர அடைப்புன்னா ஒரு நாள், ரெண்டு நாள்தான், பொட்டாசியம் ஏறி இதயம் நின்னுடும். வயித்தை அமுக்கிப் பார்க்காதீங்க. கூடையில துணி போட்டு உடனே பரேலுக்குக் கொண்டு வாங்க. நான் வாசல்ல நிக்கறேன், கிளம்பினதும் தனி மடல்ல சொல்லுங்க.

முலுண்ட்_முருகு

காட்கோபர்ல இருந்து பூனையோட ட்ரெயின்ல ஏறாதீங்க, இந்த நேரத்துக் கூட்டத்துல நசுங்கிடும். டாக்சி பிடிங்க.