குன்னூரா, ஹாம்பர்க்கா: வியன்னா உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு

கேள்வி: எங்கள் தேயிலை நிறுவனத்தின் அலுவலகம் குன்னூரிலும் கிளை ஹாம்பர்க்கிலும் இருக்கையில், ஆஸ்திரிய வணிகருடனான ஒப்பந்தத்துக்கு எது வணிக இடம்? பன்னாட்டுச் சரக்கு விற்பனை ஒப்பந்தங்கள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் இவ்விதி எப்படி உருவானது?

மறுமொழி: பன்னாட்டுச் சரக்கு விற்பனை பற்றிய 1964ஆம் ஆண்டின் ஹேக் சட்டம், வணிக இடமே இல்லாதவருக்கு அவருடைய வழக்கமான வசிப்பிடத்தைக் கொள்ளச் சொன்னதேயன்றி, பல இடங்கள் உள்ளவரைப் பற்றிப் பேசவில்லை. ஒப்பந்தத்தோடும் அதன் நிறைவேற்றத்தோடும் மிக நெருங்கிய தொடர்புள்ள இடம் என்ற அளவுகோல் அத்தகைய விற்பனை வழக்குகளுக்குக் கால எல்லை வகுக்கும் 1974ஆம் ஆண்டின் காலவரம்பு உடன்படிக்கையில் இடம்பெற்று, 1980இல் வியன்னாவில் 10ஆம் பிரிவிலும் அமைந்தது.

மறுமொழி: ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். 1974இல் ஒப்பந்தம் முடிவான நேரத்துச் சூழ்நிலைகளே கணக்கு. 1980இல் அதற்கு முன்பு தெரிந்தவையும் சேர்ந்தன. பிறகு தெரியவருபவை உதவா.

மறுமொழி: இந்தியா வியன்னா உடன்படிக்கையில் சேரவில்லை; ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் சேர்ந்துள்ளன. ஹாம்பர்க் வணிக இடமானால் இரு தரப்பும் உறுப்பு நாடுகளில் இருப்பதாகி, உடன்படிக்கை பொருந்தும். ஆகவே பேரமும் சரக்கனுப்புதலும் ஹாம்பர்க் வழியே நடந்தனவா என்பதே உங்கள் வழக்கின் உயிர்நாடி, கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.