காசியில் கங்கை: பிஓடி சரியாக இருந்தும் கோலிஃபார்ம் ஏன் குறையவில்லை?

அசிக்கரை கேட்டது:
குளிக்கத்தக்க நீரில் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் குடல் பாக்டீரியா) 100 மில்லிக்கு 2500-ஐத் தாண்டக்கூடாது என்பது வரையறை. காசிப் படித்துறைகளில் பிஓடி தேறிய மாதிரிகூட கோலிஃபார்மில் தோற்கிறது. தீனாப்பூர், கோயிட்டா, ரம்னா என்று கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் ஓடியும் ஏன் இப்படி? எதைச் சரிசெய்தால் முழுக்குப் போடுகிறவர்களுக்குப் பலன்?

நீர்க்கணக்கு:
பிஓடி, கோலிஃபார்ம் இரண்டும் ஒரே அளவில்தான் நீர்த்துப்போகின்றன, தொடங்கும் இடம்தான் வேறு. சுத்திகரிக்காத சாக்கடையில் பிஓடி சுமார் 200, கோலிஃபார்ம் 100 மில்லிக்கு ஒரு கோடி என்று வையுங்கள். ஆயிரம் பங்கு ஆற்றுநீரில் கலந்தால் பிஓடி 0.2 மட்டுமே கூடும், கருவியில் தெரியவே தெரியாது. கோலிஃபார்மோ 10,000-இல் நிற்கும், அதாவது வரையறையின் நான்கு மடங்கு. ஒரே ஒரு சாக்கடை வாய்க்கால் நிலையத்துக்குப் போகாமல் தப்பினாலும் போதும்.

நிலையத்தின் காற்றூட்டும் தொட்டி பிஓடியைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்டது. அது கிருமியில் 90 முதல் 99 சதவீதத்தை எடுக்கும். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு கோடியில் 99 சதவீதம் போனாலும் ஒரு லட்சம் மிச்சம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் நிலையத்திலிருந்து வெளியேறும் நீருக்கு மலக் கோலிஃபார்ம் 100 மில்லிக்கு 230 என்று உச்சம் வைத்தது. அதைத் தொட கிருமிநீக்கம் இல்லாமல் முடியாது.

குளோரின் போட்டால் 30 நிமிடத் தொடர்பு நேரம் வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 5 கோடி லிட்டர் நிலையத்துக்கு 250 கிலோ. 10 சதவீத ஹைப்போகுளோரைட்டாக ஏறக்குறைய 2500 லிட்டர். அது வெயிலில் வைத்தால் வீரியம் இழக்கும். பீப்பாய்க் கணக்கில் ஊற்றுகிறவர்கள் இதை மறந்து பாதி அளவில் நின்றுவிடுகிறார்கள். அமோனியா மிச்சமிருந்தால் குளோரின் குளோரமீனாகிக் கொல்லும் வேகம் விழும், எனவே முதலில் நைட்ரேட்டாக்கம் (பாக்டீரியா அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவது) முழுமையாக வேண்டும். ஆற்றில் விடுமுன் சோடியம் பைசல்ஃபைட்டால் மிச்சக் குளோரினை முறிக்க வேண்டும், மீன்களுக்காகவும் ஓங்கில்களுக்காகவும்.

மதகு சேர்த்தது:
மேலே சொன்னது நிலையத்துக்கு வந்து சேர்ந்த நீருக்கு. என் பார்வையில் பெரிய ஓட்டை அதற்கு முன்னால்தான் இருக்கிறது.

சாக்கடை வாய்க்காலின் குறுக்கே சிறு தடுப்பணை கட்டி, நீரைச் சல்லடை வழியாக உந்துநிலையத்துக்குத் திருப்புகிறார்கள். சல்லடையில் பிளாஸ்டிக் அடைந்தால் நீர் ஏறித் தடுப்பணையைத் தாண்டி ஆற்றில் விழும். மின்சாரம் போனாலும் இதே கதிதான், சேகரிப்புக் கிணறு சில நிமிட வரத்தைத்தான் தாங்கும். டீசல் ஜெனரேட்டர் இருந்தால் மட்டும் போதாது, தானாக மாறும் சுவிட்சும் எரிபொருளும் வேண்டும். மழைக்காலத்தில் ஆறு ஏறும்போது ஹரிச்சந்திரா, திரிலோசன் போன்ற படித்துறையோர உந்துநிலையங்கள் வெள்ளநீர் புகுந்து பாதிக்கப்படும், வடிந்தபின் வண்டலை அள்ளாமல் மோட்டாரை ஓட்டினால் பம்பின் சுழல் இறக்கை தேயும்.

செலவு குறைந்த வழி, தடுப்பணையின் மேல்விளிம்பில் ஒரு மட்ட உணரி. மாதத்தில் எத்தனை மணி நேரம் நீர் தாண்டியது என்பது தெரிந்தால் பழுது எங்கே என்று வாதாட வேண்டியிருக்காது.

எந்த வாய்க்கால் முதலில்? கங்கை இங்கே வடக்கே ஓடுகிறது, படித்துறைகள் மேற்குக் கரையில். அசி ஆறு தெற்கே, எல்லாப் படித்துறைகளுக்கும் மேல்நீரோட்டத்தில் சேர்கிறது. வருணை ஆறு வடக்கே, கடைசியில். குளிப்பவர்களுக்கு அசியும் அதையொட்டிய நக்வா பக்கமும்தான் முதலில்.

அசிக்கரை:
நன்றி ஐயா. மாதிரி எங்கே எடுப்பது?

நீர்க்கணக்கு:
நடு ஆற்றில் வேண்டாம். வாய்க்கால் நீர் கரையை ஒட்டியே நெடுந்தூரம் போகும், குளிப்பவர்கள் நிற்பதும் அங்கேதான். இடுப்பளவு ஆழத்தில், மேற்பரப்பிலிருந்து ஓர் அடி கீழே, கிருமி நீக்கிய புட்டியில் எடுங்கள். பனிப்பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். நிலையத்தின் வெளியேற்று நீர் என்றால் புட்டியில் முன்கூட்டியே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கட்டும். இல்லாவிட்டால் வழியெல்லாம் குளோரின் கொன்றுகொண்டே போகும், எண் பொய்யாகக் குறைந்து வரும்.