மாதிரி வானூர்தியின் ஃபயர்வால்: தீச்சுவரா, தாங்குபலகையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வானொலிக் கட்டுப்பாட்டில் பறக்கும் பெரிய மாதிரி வானூர்திகளில், எஞ்சினைப் பொருத்துவதற்காக உடலின் முன்முனையில் குறுக்காக நிறுத்தப்படும் கனத்த ஒட்டுப்பலகையை ஃபயர்வால் என்கிறார்கள். இதற்குத் தமிழில் 'தீச்சுவர்' என்று முன்வைக்கப்பட்டுள்ள சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கணினித் துறையில் தீச்சுவர், தீயரண் ஆகிய இரண்டும் ஏற்கெனவே வழக்கில் இருப்பது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை, இந்தப் பலகை எந்தத் தீயையும் தடுக்கப் போவதில்லை என்பது.

முழு அளவு வானூர்தியில் நிலைமை வேறு. எஞ்சின் அறையில் பற்றும் தீ விமானியை எட்டவிடாமல் காப்பதே அங்கே அந்தத் தடுப்பின் முதல் வேலை; 0.015 அங்குலத் தடிப்புள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகட்டைத் தனிச் சோதனை இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அமெரிக்காவின் சிறு வானூர்தி விதிகளில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். அந்தத் தகட்டுக்குத் தீச்சுவர் என்ற பெயர் முழுதாகப் பொருந்தும். மாதிரி வானூர்திக்காரர்கள் ஆங்கிலப் பெயரை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். வேலை உடன் வரவில்லை.

மாதிரியில் இந்தப் பலகையின் வேலை என்ன என்பது, மாற்றியமைத்த பெட்ரோல் எஞ்சினைப் பொருத்தும்போதுதான் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் ஹோம்லைட், ரயோபி போன்ற நிறுவனங்களின் புல்வெட்டி எஞ்சின்களைக் கழற்றி இதற்குப் பயன்படுத்தும் வழக்கம் நெடுநாளாக உண்டு. கயிற்றை இழுத்து முடுக்கும் அமைப்பு, கிளட்ச், குளிர்விக்கும் விசிறியின் உறை எல்லாம் எஞ்சினிலிருந்து நீக்கப்படுகின்றன. புரொப்பெல்லரை ஏற்றுவதற்கு அலுமினியத்தில் ஒரு குடம் கடைந்து சேர்க்கப்படுகிறது. (வண்டிச் சக்கரத்தின் நடுவிலுள்ளதைக் குடம் என்றுதான் சொல்கிறோம்; அந்தச் சொல்லை இங்கும் அப்படியே கொள்ளலாம், விவாதம் தேவையில்லை.)

இனி, 25 கன சென்டிமீட்டர் அளவுள்ள அத்தகைய எஞ்சின் ஒன்று 18 அங்குலப் புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 7000 முறை சுழற்றுவதாகக் கொள்வோம். ஈரடி (டூ-ஸ்ட்ரோக்) எஞ்சினாதலால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வெடிப்பு நிகழும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 117 அதிர்ச்சிகள். உருளை ஒன்றே ஒன்று என்பதால் அவற்றைச் சமன்செய்ய இணை உருளை கிடையாது. அத்தனையும் நான்கு போல்ட்டுகள் வழியாக இந்தப் பலகையில் இறங்குகின்றன. எஞ்சினின் எடை, புரொப்பெல்லரின் இழுவிசை, தரையிறங்கும்போது விழும் குலுக்கல் ஆகியவையும் இதே பலகையின் மேல்தான். அதனால்தான் 6 மில்லிமீட்டர் பிர்ச் மர ஒட்டுப்பலகைகள் இரண்டை எப்பாக்ஸிப் பசையால் ஒன்றாக்கி, பின்புற மூலைகளில் முக்கோணக் கட்டைகளை ஒட்டி, பக்கச் சுவர்கள் வழியே மரமுளைகளையும் அடிக்கிறார்கள். போல்ட்டின் இறுக்கத்தில் மரம் நசுங்காமல் இருக்க அகன்ற வாஷர் வைக்கிறார்கள். இவற்றில் குறை இருந்தால் அது முதலில் பலகையும் பக்கச் சுவரும் சேரும் மூலையில் தெரியும்: ஒட்டு மயிரிழை அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கும், அந்தப் பிளவுக்குள் எஞ்சின் எண்ணெய் கசிந்து கறுப்புக் கோடாகப் படிந்திருக்கும். எண்ணெய் குடித்த மரத்தில் மறுபடி ஒட்டுவது கடினம். இந்த மூலையை ஒருமுறை பார்த்தவர் அந்தப் பலகையைச் சுவர் என்று அழைக்க மாட்டார்.

ஆகவே என் பரிந்துரை 'எந்திரத் தாங்குபலகை'. இடம் தெளிவாக இருக்கையில் 'தாங்குபலகை' என்றாலே போதும். 'விசைதாங்கு பலகை' என்பதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அது பேச்சில் சுருங்கியதும் விசைப்பலகை ஆகிவிடும். விசைப்பலகை என்றாலே எல்லோருக்கும் கீபோர்டுதான். படகின் முன்பகுதியை மீனவர்கள் அணியம் என்பதைக் கொண்டு 'அணியப் பலகை' என்றும் அமைக்கலாம். கேட்க மிக இனிமையாக இருந்தாலும், அது இடத்தைச் சொல்கிறதே தவிர வேலையைச் சொல்லவில்லை. கார்பன் இழையிலும் கண்ணாடி இழையிலும் செய்வதைப் பலகை எனலாமா என்ற ஐயம் எழக்கூடும். உலோகத் தகட்டில் எழுதியதைப் பெயர்ப்பலகை என்றுதானே அழைக்கிறோம்?

எஞ்சினுக்குப் 'பொறி' என்ற சொல்லை இத்துறையில் தவிர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பெட்ரோல் எஞ்சின் தீப்பொறியால் இயங்குவது. பற்றவைப்புக் கம்பியிலிருந்து எழும் மின்னிரைச்சல், வானொலிக் கட்டளைகளை வாங்கும் ரிசீவரைக் குழப்பாமலிருக்க இரண்டையும் தள்ளி வைக்கவேண்டும். 'பொறியிலிருந்து ரிசீவரைத் தள்ளி வையுங்கள்' என்று எழுதினால், எதிலிருந்து என்று படிப்பவர் திகைப்பார். எந்திரம், தீப்பொறி என்று பிரித்தே எழுதுவோம்.

கார்புரேட்டர் பின்பக்கம் இருக்கும் எஞ்சினுக்கு இடம்விட, பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே நான்கு அலுமினியத் தண்டுகளை நிறுத்துவார்கள். பந்தல்காலைப் போல நின்று சுமப்பவை என்பதால் அவற்றுக்குத் 'தாங்குகால்' என்பது தாங்குபலகையோடு இயல்பாக இணையும். எஞ்சினைச் சற்றே வலப்புறம் திருப்பி வைக்கும் கோணத்துக்கு 'வலச்சாய்வு' என்று முன்பே சொல்லப்பட்டிருக்கிறது. சாய்வு என்றால் பக்கவாட்டில் சரிவது என்று கொள்ள இடமிருப்பதால் 'வலத்திருப்பம்' என்று திருத்தலாம் என நினைக்கிறேன். பொருத்துபவருக்கு இதில் குழப்பம் வரக்கூடாது: 2 அல்லது 3 பாகை வலத்திருப்பம் கொடுக்கும்போது, குடம், எஞ்சினை மூடும் முன்மூடியின் நடுவில் வெளிவர வேண்டுமானால், தாங்குபலகையில் போல்ட் துளைகளை மையக்கோட்டுக்குச் சற்று இடப்புறமாகத் தள்ளித்தான் இடவேண்டும்.