நார்வே நாவல்களில் சிறுவயதுக் காயம்

கேள்வி: சிறுவயதில் பட்ட மனக்காயம், வளர்ந்தபின் ஒருவர் தம்மை யாரெனக் கருதுகிறார் என்பதை வடிவமைப்பதை நார்வே நாவல்கள் எவ்வாறு காட்டுகின்றன?

மறுமொழி 1: பெர் பெத்தெர்சனின் 2003ஆம் ஆண்டு நாவலில், தம் சிறுவயதில், 1948ஆம் ஆண்டுக் கோடைக்குப்பின் வீடு திரும்பாத தந்தையைப் பற்றி 67 வயது நாயகன் துரோன் பெரிதாகப் புலம்புவதில்லை, ஆனால் புதிய வேலை எதையும் தொடங்குமுன், கண்ணை மூடித் தந்தை அதை எப்படிச் செய்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கும் பழக்கத்தில், விட்டுச் சென்றவரே அவருக்கு அளவுகோலாக நிற்கிறார்.

மறுமொழி 2: துரோனின் அந்த மௌனம் எனக்குச் சற்று மிகையாகத் தோன்றுகிறது. விக்டிஸ் யோர்டின் 2016ஆம் ஆண்டு நாவலில், தந்தை இழைத்த கொடுமையை மகள் வெளிப்படையாகச் சொல்லியும் குடும்பம் ஏற்க மறுப்பதால், குடும்பச் சொத்தைப் பிரிப்பதில் எழும் தகராறே அவளுடைய அடையாளத்திற்கான வழக்காகிவிடுகிறது.

மறுமொழி 3: தார்யை வேசோஸின் 1963ஆம் ஆண்டு நாவலையும் சேர்க்கலாம். தோழி காணாமற்போனபின், அவளுடைய தனிமையைச் சிறுமி சிஸ் தானே ஏற்றுக்கொள்கிறாள்.