3 வாரம் முன்பின் விதைத்த மக்காச்சோளம்: சைலேஜுக்கு ஒன்றாக வெட்டலாமா?

கேள்வி
சைலேஜுக்கு (குழியில் காற்றுப் புகாமல் மிதித்துப் புளிக்க வைக்கும் மாட்டுத் தீவனம்) போட்ட மக்காச்சோளம்: ஒரே ரகம், இரண்டு வயல். இரண்டாவது 3 வாரம் பிந்தி விதைத்தது. முதல் வயலில் மணியில் பால் கோடு (மேலே கெட்டியான மாவுக்கும் கீழே பாலுக்கும் இடையில் தெரியும் கோடு) பாதிக்கு இறங்கிவிட்டது. இரண்டாவதில் மணியைக் கிள்ளினால் இன்னும் பால்தான் வருகிறது. அறுவடை இயந்திரம் ஒரு தடவைதான் கிடைக்கும். பிந்தியது முற்றும்வரை காத்திருக்கலாமா, இரண்டையும் இப்போதே வெட்டிவிடலாமா?

பதில்: மேட்டுக்காடு
காத்திருக்காதீங்க. பால் பருவத்திலிருந்து பாதிக் கோடு வர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதற்குள் முதல் வயல் பயிரின் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சும் எடை) நாளுக்கு அரை சதவீதம் போல ஏறும். இப்போது 33 சதவீதம் இருந்தால் அந்த 3 வாரத்தில் 43 ஆகிவிடும். அதை எவ்வளவு மிதித்தாலும் காற்று வெளியேறாது. பூஞ்சை பிடிக்கும், குழியைத் திறந்ததும் சூடேறும், கெட்டியான மணி சாணத்தில் முழுசாக வந்து விழும்.

குழிக்கு 32 முதல் 36 சதவீதம் வரை சரி. கையில் இருப்பது ஒரு வாரம், கொஞ்சம் முன்னே பின்னே.

கோடு பார்க்கக் கதிரை நடுவில் ஒடித்து நுனிப்பக்கப் பாதியைப் பாருங்க. அடிப்பாதியில் முளைப்பக்கம்தான் தெரியும், கோடு தெரியாது.

பதில்: தட்டை
கோட்டை மட்டும் நம்பி இயந்திரத்தைக் கூப்பிட வேண்டாம். மணி முற்றியும் தட்டை (தண்டு) பச்சையாகவே நிற்கும் ரகங்களில் அது ஏமாற்றும். வரப்போரச் செடிகளை விட்டு உள்ளிருந்து 10 செடி வெட்டி, நறுக்கி, கலந்து, 100 கிராம் எடுங்க. மைக்ரோவேவில் ஒரு டம்ளர் தண்ணீரோடு வைத்து, முதலில் 3 நிமிடம், பிறகு ஒவ்வொரு நிமிடமாகக் காய வைத்து நிறுத்துப் பாருங்க. கருக விடாதீங்க. எடை குறையாமல் நிற்கும்போது எத்தனை கிராமோ, அதுதான் உலர்பொருள் சதவீதம்.

கேட்டவர்
பார்த்தாச்சு. முதல் வயல் 34, இரண்டாவது 23.

மேட்டுக்காடு
34-ஐ உடனே வெட்டுங்க. 23-ஐத் தனியாகக் குழியில் போட்டால் சர்க்கரைச் சத்து கழிவுநீராக ஒழுகும். பியூட்ரிக் அமிலம் உண்டாகி நாறும், மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மணி இன்னும் முற்றாததால் மாவுச்சத்தும் குறைவு. தினமும் வெட்டிப் பச்சையாகப் போடுவதுதான் லாபம். ஒன்று மட்டும்: வறட்சியில் நின்ற பயிருக்கு மழை கிடைத்திருந்தால் மாட்டுக்கு நஞ்சாகும் நைட்ரேட் ஏறியிருக்கும், சில நாள் கழித்து அடித்தட்டை 30 செ.மீ. விட்டு வெட்டுங்க.

பச்சையாகப் போட வழியில்லை, அதுவும் குழிக்குத்தான் போக வேண்டும் என்றால் அடியில் உலர் வைக்கோல், அதன்மேல் 34 சதவீதப் பயிர், ஈரமானது மேலே.

தட்டை
நறுக்கு 1 முதல் 2 செ.மீ., மணி எல்லாம் உடைந்திருக்க வேண்டும். 15 செ.மீ. அடுக்காகப் பரப்பி மிதிங்க. ஒரு மணி நேரத்துக்கு 10 டன் வந்து கொட்டினால் மிதிக்கும் டிராக்டர் 4 டன்னாவது இருக்கணும். பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அடுத்த முறை பிந்தும் வயலுக்குக் குறுகிய வயது ரகம் போடுங்க. வெயில் ஏறும் காலத்தில் பிந்தி விதைத்தது கொஞ்சம் எட்டிப்பிடிக்கும், குளிர் நோக்கிப் போகும் காலத்தில் இன்னும் பின்தங்கும். அதனால் விதைப்பு இடைவெளியை நாள் கணக்கில் அப்படியே அறுவடைக்கு எடுத்துக்கொள்ளாதீங்க, கதிர் நுனியில் பட்டு இழை வெளிவந்த தேதியைக் குறித்து வையுங்க. அதிலிருந்து 40 நாள் ஆனதும் கதிரை ஒடித்துப் பார்க்க ஆரம்பிக்கலாம்.