22 நாளில் வேலையை விட்டு வந்துவிட்டேன், சென்டரில் ஆதார் ஓடிபி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

பாப்பாக்குடிக்காரி:
விவரம் தெரிந்த அக்கா, அண்ணாச்சி யாராவது சொல்லுங்கள். எனக்கு வயது 20, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தேன், அம்மா பீடி சுற்றுகிறாள். யூனியன் ஆபீசில் இளைஞர் திறன் திருவிழா நடந்தபோது பெயர் கொடுத்தேன், கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் தொழில் சொல்லிக்கொடுக்கிற டிடியூ-ஜிகேஒய் என்ற அரசுத் திட்டத்தில், ஒரு பயிற்சி சென்டரில் மூன்று மாதம் தையல் மெஷின் ஆபரேட்டர் பயிற்சி கிடைத்தது, அங்கேயே தங்கிப் படித்தேன். பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஓவர்லாக் மெஷினில் லூப்பருக்கு நூல் கோர்க்கச் சொன்னால் கை நடுங்கிய ஆள் நான், முடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு கோர்ப்பேன்.

அப்புறம் திருப்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். கையில் 11,500 வரும் என்று சொன்னது சென்டர் சார்தான். அங்கே போனால் நாளைக்கு 400 என்று கணக்கு. 22 நாள் வேலைக்குச் சீட்டில் 8,800 போட்டு, பிஎஃப் 1,056, இஎஸ்ஐ 66, ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் 2,500 பிடித்து, 5,178 கொடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை, வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் ஆகப்போகிறது, இப்போது சென்டரில் இருந்து தினமும் போன். மூன்று மாதம் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டுமாம், ஆதார் ஓடிபி வரும் சொல்லு, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். அரசு ஆபீசில் இருந்து யாராவது விசாரித்தால் வேலையில் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டுமாம், இல்லையென்றால் எனக்குச் செலவு செய்த பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டி வருமாம். என் பிளஸ் டூ ஒரிஜினல் மார்க்‌ஷீட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. அம்மா பயந்துபோய்ச் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டேன் என்கிறாள். என்ன செய்ய?

தாமிரபரணித் தண்ணி:
ஓடிபி மட்டும் கொடுத்துவிடாதே தங்கச்சி. யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

முன்னாள் டிரைனர்:
இதே மாதிரி ஒரு சென்டரில் நாலு வருஷம் இருந்தவன் நான், அவர்கள் ஏன் இப்படித் துடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சென்டருக்கு அரசு பணத்தை மொத்தமாகக் கொடுப்பதில்லை, நான் இருந்தபோது 25, 50, 15, 10 சதவீதம் என்று நாலு தவணை, அதில் பின்னால் வருகிற தவணைகள் எத்தனை பேர் வேலையில் நின்றார்கள் என்பதைப் பொறுத்துத்தான் வரும். பயிற்சி முடித்தவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும், அவர்கள் மூன்று மாதம் வேலை பார்த்ததற்குச் சம்பளச் சீட்டோ பேங்க் ஸ்டேட்மென்டோ காட்ட வேண்டும். 30 பேர் பேட்ச் என்றால் 21 பேர். 20 பேர் தேறி நீ இருபத்தொன்றாவது ஆளாக இருந்தால் போன் வராமல் இருக்குமா?

ஆக இது அவர்கள் கணக்கு, உன் தப்பு ஒன்றும் இல்லை. பணம் கட்டவேண்டும் என்பது சுத்தப் புருடா, பயிற்சி உனக்கு இலவசம். யார் விசாரித்தாலும் இந்தத் தேதியில் சேர்ந்தேன், இந்தத் தேதியில் வந்துவிட்டேன் என்று உள்ளதைச் சொல். வேறு கம்பெனியில் சேர்த்துவிடுங்கள் என்று சென்டரிடமே எழுதிக் கேட்கவும் செய்யலாம், நாங்கள் நிறையப் பேருக்கு அப்படி மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை செய். பிஎஃப் பிடித்திருக்கிறார்கள் என்றால் உனக்கு யூஏஎன் என்று ஒரு பிஎஃப் நம்பர் இருக்கும், சம்பளச் சீட்டில் தேடிப் பார். அரசின் உமங் ஆப்பில் போய் பிஎஃப் பாஸ்புக்கைத் திற (அந்த ஓடிபியை நீயே போட்டுக்கொள்வாய், அது வேறு கதை). மாதம் முடிந்து அடுத்த 15ஆம் தேதிக்குள் கம்பெனி பணம் கட்டியிருக்க வேண்டும். நீ இருந்த மாதத்துக்கு மட்டும் ஏறியிருந்தால் நல்லது. நீ வந்த பிறகும் ஏறிக்கொண்டே இருந்தால் உன்னை இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம், உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை.

மார்க்‌ஷீட்டுக்கு, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாளில் மனு கொடு. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கையில் இருக்கிறது, மாவட்டத்தில் பார்த்துக்கொள்வது மகளிர் திட்டம், மனு அங்கேதான் போகும். யாரையும் திட்டி எழுதாதே, தேதி வாரியாக அரைப் பக்கம் போதும். மனு ரசீதை வாங்காமல் வெளியே வராதே.

ஷிப்டுக்காரன்:
கோபப்படாதே தங்கச்சி, எந்தக் கம்பெனியிலும் முதல் மூன்று மாதம் இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்திருக்கலாம். வெளியூர்தான் பிரச்சினை என்றால் கங்கைகொண்டான் சிப்காட்டை ஒரு பார்வை பார். 2025 பிப்ரவரியில் திறந்தார்களே டாடா பவர் சோலார் ஆலை, அதில் பெண்களைத்தான் நிறைய எடுக்கிறார்கள். ஏஜென்டுக்கு மட்டும் ஒரு பைசா கொடுத்துவிடாதே.

பாப்பாக்குடிக்காரி:
பொறுத்திருக்கலாம்தான் அண்ணாச்சி. 11,500 என்று சொல்லாமல் உள்ளதைச் சொல்லிக் கூட்டிப்போயிருந்தால் பொறுத்தும் இருப்பேன்.

பேட்டை பழைய மாணவி:
திரும்பவும் இதே மாதிரி மூன்று மாத கோர்ஸில் சேர நினைத்தால் வேண்டாம். பேட்டை அரசு ஐடிஐ இருக்கிறது, உனக்கு அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் அங்கேயும் இருக்கிறது. பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது. கட்டணம் இல்லை, மாதம் 750 உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் எழுதிப் போடலாம். ஆண்கள் நிறைந்த டிரேடில் முதல் மாதம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், வெல்டிங் கிளவுஸ் கையில் பொருந்தாது, அவ்வளவுதான்.

பாப்பாக்குடிக்காரி:
எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை போனேன், பயங்கரக் கூட்டம், மதியம் ஆகிவிட்டது. ரசீது வாங்கிவிட்டேன். நேற்று சாயங்காலமே சென்டரில் இருந்து போன், இந்தத் தடவை குரலே வேறு மாதிரி இருந்தது, வியாழக்கிழமை வந்து மார்க்‌ஷீட்டை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பாஸ்புக்கும் பார்த்தேன், ஒரு மாதம்தான் ஏறியிருக்கிறது. என் பங்கு 1,056 என்று இருக்கிறது, ஆனால் கம்பெனி பங்கு வெறும் 323 என்று போட்டிருக்கிறார்களே, அவர்களும் அதே அளவு கட்டவேண்டாமா?

முன்னாள் டிரைனர்:
பக்கத்தில் பென்ஷன் என்று ஒரு கட்டம் இருக்கும் பார், அதில் 733 இருக்கிறதா? கம்பெனி கட்டுகிற பணத்தில் இருந்து உன் சம்பளத்தின் 8.33 சதவீத அளவு அங்கே போய்விடும், மிச்சம்தான் கம்பெனி பங்கு என்று காட்டும். இரண்டையும் கூட்டு. வேலையை விட்ட தேதி காலியாக இருந்தால், கடைசியாகப் பணம் ஏறிய மாதத்தில் இருந்து இரண்டு மாதம் கழிந்ததும் நீயே போட்டுக்கொள்ளலாம், அதை மறந்துவிடாதே.

பாப்பாக்குடிக்காரி:
கூட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி, 1,056 சரியாக வருகிறது. தேதி காலியாகத்தான் இருக்கிறது, அடுத்த மாதம் போடுகிறேன். வியாழக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள்தான் நான்கு கேள்வி கேட்க வேண்டும் என்று நிற்கிறாள்.